தூக்கக் குழுவின் விபத்து அறிக்கை

உலகத்தில் எத்தனையோ தகப்பன்மார் குழந்தையைத் தூங்கவைத்திருக்கிறார்கள். ஆனால் அதை ஒரு நிர்வாகமாகவே நடத்திக் காட்டியவன் அடியேன் ஒருவன்தான். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம், கோப்பு இருக்கிறது.

மகளுக்கு மூன்று மாதம் ஆனதுமே எங்கள் வீட்டில் ‘தூக்க மேலாண்மைக் குழு’ அமைந்தது. தலைவர் நான். செயலாளர் என் மைத்துனன். ‘நிறைவேற்று அலுவலர்’ என் மனைவி. அதாவது பால் கொடுப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுக்கொண்டு நடப்பது போன்ற சில்லறை வேலைகள் அவளுக்கு. கூட்டம் போடுவது, அட்டவணைக்கு வண்ணம் தீட்டுவது போன்ற முதுகொடிக்கும் வேலைகளை நாங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டோம்.

குழந்தையின் கட்டிலுக்கென்று மைத்துனன் இரண்டு தலையணை, ஒரு பஞ்சுப் போர்வை, குழந்தையைவிடப் பெரிய ஒரு பொம்மைக் கரடி எல்லாம் வாங்கி வந்தான்.

“இத்தனை சாமானுக்கு நடுவுல பாப்பா எங்கடா படுப்பா?” என்றாள் மனைவி.

“முதல்ல வசதியப் பண்ணுவோம்க்கா. பாப்பாவ அப்புறம் பாத்துக்கலாம்.”

தீர்மானம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ‘ஏகமனதாக’ நிறைவேறியது.

சனிக்கிழமை மதியம். அட்டவணைப்படி தூக்கம் இரண்டரை மணிக்கு. மகளோ இரண்டு பத்துக்கே, தலைவரை ஒரு வார்த்தை கேட்காமல் தூங்கிவிட்டாள். இப்படி ஆளாளுக்கு இஷ்டத்துக்குத் தூங்கினால் ஒழுங்கு என்னாவது? எழுப்பினேன்.

“ஐயையோ, என்னங்க பண்றீங்க? இப்பத்தானே கண்ணசந்தா!”

“இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நேரத்துக்குத் தூங்கவை.”

“மூணு நாளா நான் சேந்தாப்ல ஒரு மணி நேரம் தூங்கல. தலை சுத்துது. பாப்பாவக் கொஞ்சம் வாங்கிக்கங்களேன்.”

“கூட்டம் இருக்கும்மா.”

வீறிட்ட குழந்தையோடு அவள் பின்னறை சோபாவில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் குழுவைக் கூட்டினோம். இரண்டரைக்குச் சரியாக அழுகை நின்றது.

“பாத்தீங்களா மாமா, அட்டவணை!” என்றான் மைத்துனன். கைகுலுக்கிக்கொண்டோம்.

சற்று நேரத்தில் சுகாதார நிலையத்து நர்ஸ் வீட்டுக்கு வந்தார். எங்கள் சாதனைக் கட்டிலைக் காட்டலாமென்று பின்னறைக்குப் பெருமையோடு அழைத்துப்போனேன். அவர் கட்டிலைப் பார்க்கவேயில்லை. சோபாவை நோக்கி ஓடினார்.

மனைவி உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். மார்பிலிருந்து சரிந்த குழந்தையின் முகம் சோபாவின் இடுக்கில் அழுந்திக் கிடந்தது. நர்ஸ் வாரி எடுத்தார். ஒரு கணம் சத்தமில்லை. பிறகு மகள் வீலென்று அழுதாள். என் கையிலிருந்த கோப்பு நழுவித் தரையில் விழுந்தது. அதைக் கோப்பில் எழுதவில்லை.

நர்ஸ் ஒரே கையால் கரடியையும் தலையணைகளையும் போர்வையையும் வெளியே எறிந்தார்.

“கெட்டியான மெத்தை, இறுக்கமா ஒரு விரிப்பு, மல்லாக்கப் படுக்கவைக்கணும். வேற ஒண்ணும் உள்ள இருக்கக் கூடாது. சோபாவுல குழந்தையோட அசரவே கூடாது. தூக்கம் வந்தா தூங்க விடுங்க. தினமும் ஒரே மாதிரி குளிப்பாட்டி, பால் குடுத்து, வெளிச்சத்தக் குறைச்சு வந்தா பழக்கம் தானா வரும்.”

அழுகை கேட்டு விழித்த மனைவி தேம்பிக்கொண்டே இருந்தாள். “தூங்கிட்டேன் சிஸ்டர்... நானே என் பிள்ளைய...”

எந்த நெருக்கடியிலும் நடைமுறையை நான் விடுவதில்லை. விபத்து அறிக்கையைத் திறந்து எழுதி, உரக்கப் படித்தேன்: ‘காரணம்: நிறைவேற்று அலுவலர் பணி நேரத்தில் உறங்கியது.’

“சாட்சியா ஒரு கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்.”

நர்ஸ் குழந்தையை மல்லாக்கக் கிடத்தினார். மனைவியைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அவங்க தூங்கிட்டாங்க, தெரியல. நீங்க ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டுத்தானே சார் இருந்தீங்க?”