ஏழு வீடும் இருநூற்றைந்து அரியதரமும்

நான் கணிதத்தில் கெட்டிக்காரி என்று நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அது மூன்று நாள் நீடித்தது.

சீனிக்குக் கூப்பன் இருந்த எழுபதுகளின் தொடக்கம். எனக்கு வயது பதின்மூன்று. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி வருவது மூன்றால் பிரிந்தால் அந்த எண்ணும் மூன்றால் பிரியும் என்று வகுப்பில் படித்தேன். ஒன்பதுக்கும் அப்படியே. ஐயோ, எனக்கு வந்த புளுகமும் பெருமையும்! பஸ் டிக்கெட், வீட்டு இலக்கம் என்று கண்டதையெல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்தேன். நடுவில் நிற்கிற ஏழு மட்டும் என்ன பாவம் செய்தது? அதையும் நானே சேர்த்துக்கொண்டேன். எழுபதையும் நூற்றுமுப்பத்துமூன்றையும் ஏழால் பிரித்துப் பார்த்தேன், பிரிந்தன. (அதற்குமேல் சோதிப்பவர்கள் மூளையில்லாத மொக்கர் என்பது என் எண்ணம்.)

மூன்றாம் நாள், அக்காவின் கலியாணப் பேச்சுக்காகத் தெல்லிப்பழைக்கு அரியதரப் பலகாரம் கொண்டுபோகவேண்டும். முன்னர் இரண்டு பேச்சுக் குழம்பிவிட்டன. இதுவும் குழம்பினால் அம்மா தாங்கமாட்டார். மாப்பிள்ளையின் சொந்தம் ஏழு வீடு. ஒரு வீட்டுக்கு ஓர் அரியதரம் குறைந்தாலும் அது மரியாதைக் குறைவு.

அம்மா சுட்டு எண்ணினார். இருநூற்றைந்து. இன்னும் ஐந்துக்கு மா கிடந்தது. அவர் ஏழால் பிரிக்க விரல்விட்டு எண்ணத் தொடங்கும்போதே நான் பாய்ந்தேன்.

“ரெண்டும் சைபரும் ஐஞ்சும் ஏழு. பிரியும் அம்மா, இவ்வளவும் காணும்.”

“உண்மையாவோ பிள்ளை?”

“ஓம். இது கணிதம்.”

அம்மா பூரித்துப்போனார். மிச்ச மாவில் ஐந்து சுட்டு எனக்கே தந்தார். நின்ற நிலையில் தின்று முடித்தேன்.

அங்கே மாப்பிள்ளையின் தாயார் எல்லோரும் பார்க்க ஏழு தட்டங்களை வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். நான் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தியபடி இருந்தேன். இருபத்தொன்பது சுற்று முடிந்தது. பெட்டிக்குள் இரண்டு மிஞ்சின.

மாப்பிள்ளையின் பெரியமாமி மெதுவாகக் கேட்டார். “உந்த ரெண்டும் எந்த வீட்டுக்கெண்டு கொண்டுவந்தனியள்?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் தின்ற ஐந்து அரியதரமும் நினைவுக்கு வந்தன. (அவை பெட்டிக்குள் இருந்திருந்தால் இருநூற்றுப்பத்து, வீட்டுக்கு முப்பது. இந்தக் கணக்கு மட்டும் அப்போது மின்னலாக வந்தது.) நான் எழும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, மூன்றின் விதி, ஒன்பதின் விதி, என் சொந்த விதி, தின்ற ஐந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

கதவடியில் நின்ற மாப்பிள்ளை வந்து பெட்டிக்குள் கைவிட்டு, இரண்டையும் எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டார்.

“இப்ப இருநூற்றிமூண்டு,” என்றார், வாய் நிறைய. “வீட்டுக்கு இருபத்தொன்பது. என்ன பிழை?”

முதலில் சிரித்தது பெரியமாமிதான்.

அதுவரை மாப்பிள்ளையைப் பற்றி வாயே திறக்காத அக்கா, நாங்கள் வீடு வந்து சொன்னதைக் கேட்டதும் தனக்குச் சம்மதம் என்றாள். எனக்கு வந்த சந்தோசத்தில் முற்றத்தை இரண்டு சுற்று ஓடினேன்.

இன்றும் அந்தக் கதை ஓயவில்லை. போன மாதம் அக்காவின் மகள்வழிப் பேத்தி பிரித்தல் கணக்கில் பிழை வாங்கி வந்தாள். மீதி எழுதவேண்டிய இடத்தில், “அம்மப்பா சாப்பிட்டிட்டார்” என்று எழுதியிருந்தாள்.