ஏற மறுத்த எலுமிச்சம்பழம்

மலைமேல் கம்போங் ராஜா ஊரை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் அந்த மாதம் கொழுந்து எடையைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லார் வாயிலும் புதையல் சாமிதான். ஈப்போ நகரிலிருந்து வந்த நல்லுசாமி அடிகளார், புதையல் பழத்தைத் தன்பக்கம் இழுக்கும் என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தை உருட்டியே முன்னோர் புதைத்த தங்கத்தைக் கண்டுபிடித்தார். பழம் நின்ற இடத்தில் தோண்டினால் செப்புக் குடம். உள்ளே கரி. தங்கத்தைப் பூதம் கரியாக்கிவிட்டதாம். மறுபடி தங்கமாக வேண்டுமென்றால், வீட்டு நகையைக் குடத்தில் போட வேண்டும். சாமி தன் கையாலேயே மூடி முத்திரை வைப்பார். ஒரு மண்டலம் திறக்கக் கூடாது. பூதத்துக்கும் முன்பணம் வேண்டும் போலிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதி வீட்டுச் சாமிமேடையில் குடம் ஏறிவிட்டது.

துளசிக்குப் பதினாறு வயது. அம்மா சிங்கப்பூரில் வேலை. அப்பா மகேஸ்வரன் இரவெல்லாம் காய்கறி லோரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார். பள்ளி விட்டு வந்தால் பேச ஆளில்லை. கங்காணியாக இருந்த கொள்ளுத்தாத்தா ஏதோ புதைத்து வைத்தாராம் என்று எப்போதோ காதில் விழுந்ததை நம்பி, வீட்டுப் பின்மேட்டை அவளே கொத்திக்கொண்டிருந்தாள். உடைந்த கோப்பை ஒன்றுதான் கிடைத்தது. நகை போட்டுக்கொள்ளும் ஆசையெல்லாம் அவளுக்கில்லை. தங்கம் கிடைத்தால் அம்மா திரும்பி வந்துவிடுவாள், அவ்வளவுதான்.

அதனால்தான் அம்மா விட்டுப்போன சங்கிலியைக் கையில் பொத்திக்கொண்டு சாமியைக் கூட்டி வந்தாள். பின்னால் லயமே வந்தது. சாமி மேட்டு உச்சியில் பழத்தை வைத்து மந்திரம் சொன்னார். பழம் உருண்டு சவ்சவ் பந்தல் காலில் முட்டி நின்றது. தோண்டினார்கள். குடம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

துளசி மட்டும் குழியை எட்டிப் பார்த்தாள். அதே இடத்தைப் போன வாரம்தான் அவள் தோண்டி மூடியிருந்தாள். அப்போது மண்புழுதான் இருந்தது.

சாமி சங்கிலிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பழத்தை எடுத்துக்கொண்டு பந்தலைத் தாண்டிச் சரிவில் இறங்கினாள்.

"சாமி, புதையல் பழத்த இழுக்குதுன்னுதானே சொன்னீங்க? குடம் இப்ப மேல இருக்கு. இங்கருந்து உருட்டுங்க, ஏறி வரட்டும்."

பூதம் களைத்துவிட்டது என்றார் சாமி. பரவாயில்லை என்று அவளே பழத்தைக் கீழே வைத்தாள். அது ஒரு கணம்கூட யோசிக்காமல் சரிவில் உருண்டு சாக்கடையில் விழுந்தது. சாமியின் தட்டிலிருந்து இன்னொரு பழம் எடுத்து வைத்தாள். அதுவும் சாக்கடைக்கே போனது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த மகேஸ்வரன் சிரித்துவிட்டார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை மெல்லச் சொன்னாள்:

"எங்க வூட்டுப் பின்னாலயும் எறக்கந்தான் லா."

அவ்வளவுதான். பாஞ்சாலை ஓடிப்போய்த் தன் வீட்டுச் சாமிமேடையிலிருந்த குடத்தை எடுத்து வந்து முத்திரையை உடைத்தாள். உள்ளே நகைக்குப் பதில் கூழாங்கல். மூடும் சாக்கில் குடத்தை மாற்றியிருக்கிறார் சாமி. அவர் காரை நோக்கி நடந்த வேகத்தில் பூதத்தின் களைப்பு துளியும் இல்லை. பெண்கள் அவர் தோள்பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். விபூதியோடு தாலிச் சங்கிலிகள் விழுந்தன. அதன்பிறகு போலீஸ் வந்தது.

அன்று மாலை துளசி அம்மாவுக்குப் போன் போட்டாள். "நம்ம கொள்ளுத்தாத்தா தங்கம் வச்சிருந்தா, ஏன்மா சாகுற வரைக்கும் லயத்துல இருந்தாரு?" அம்மா வெகுநேரம் சிரித்தாள். பிறகு, தீபாவளிக்கு வருகிறேன் என்றாள்.

லயத்தில் இன்னும் சிலர், அந்தச் சாக்கடையைத் தோண்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். சரிவைக் கண்டால் உருளுவது எலுமிச்சம்பழத்தின் குணம், அதற்கு மூளை கிடையாது. நாம் எதைச் சாக்குச் சொல்லப் போகிறோம்?