பேப்பரில் வந்த மழை

மார்கழி பிறந்த மறுநாள், காலை ஆறேகால் மணி. கண்மாய்க் கரையில் நான் முதலில் பார்த்தது என் தாய்மாமா ராமையாவின் முதுகை. கலிங்கில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குனிந்து, மண்மூட்டை ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்த முதுகுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஊரின் இரண்டு பக்கமும் நிற்கிற பாறைக்குன்றுகளைப் பனி மூடியிருந்தது. பனி என்று இப்போது சொல்கிறேன். அன்று கரையில் நின்றவர்கள் எல்லோரும் அதை மேகம் என்றே நம்பினோம்.

எங்கள் ஊர் அன்னவாசலுக்கு மேற்கே, மேட்டு நிலத்தில், இரு குன்றுகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரிக் கிடக்கிறது. ஆறு கிடையாது. குன்றுகளில் விழும் மழை கண்மாயில் சேரும். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலிங்கு என்கிற கல்கட்டின் மேல் வழிந்து கீழூருக்குப் போகும். கீழூருக்குச் சும்மா விட மனம் வராமல், ஐப்பசியிலேயே கலிங்கின் மேல் மண்மூட்டையும் பனைமட்டையும் அடுக்கி இரண்டடி உயர்த்திவிடுவது எங்கள் வழக்கம். அந்த இரண்டடித் தண்ணீர்தான் தை அறுப்பு வரைக்கும் பயிரைக் காப்பாற்றும். மார்கழியில் இன்னொரு பெருமழை வந்தாலோ, அதே இரண்டடி கரையை உடைத்துக் கீழத்தெருவை வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே கார்த்திகை முடியும்போதெல்லாம் ஊருக்கு ஒரே கேள்விதான்: மழை இன்னும் இருக்கிறதா, இல்லையா?

அந்த வருடம் எனக்கும் அந்தக் கேள்வி முக்கியம். மாமா மகள் அழகம்மையை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். "கதிர் களத்துக்கு வரட்டும், மறுநாளே பந்தக்கால் ஊனிருவோம்" என்று மாமா சொல்லியிருந்தார். என் கல்யாணமும் அந்த இரண்டடித் தண்ணீரில்தான் மிதந்துகொண்டிருந்தது.

இது ஐம்பதுகளின் நடுவில். அப்போது நாங்கள் திருச்சி ஜில்லா. நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். அதோடு திருச்சியில் அச்சாகும் ஒரு தினசரிக்கு உள்ளூர்ச் செய்தி எழுதி அனுப்புகிறவன். (அனுப்புகிறவன் என்றுதான் சொன்னேன். கிணற்றில் விழுந்த ஒரு மாட்டைத் தவிர வேறெதையும் அவர்கள் போட்டதில்லை.) சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்றில் மை இருக்காது.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் காப்பிக்கடையில் மாமா சொன்னார்: "பாத்துக்கங்க, பெருமழை ஒண்ணு பாக்கி இருக்கு. எங்க வரப்புல எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறுது." யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருடம் முழுவதும் மழை சொல்கிறவர் மாமா. நான் மட்டும் வீட்டுக்குப் போய் அதைச் செய்தியாக எழுதினேன். 'மழை வரும்: விவசாயி தகவல்' என்று தலைப்பிட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு மறந்துபோனேன்.

மார்கழி முதல் தேதி சாயங்கால பஸ்ஸில் பேப்பர் வந்தது. வழக்கம்போல நான்தான் காப்பிக்கடையில் உரக்கப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில், வானிலைச் செய்திக்கு நேர் கீழே, கொட்டை எழுத்தில்: 'புதுக்கோட்டை மேட்டுப்பகுதியில் பெருமழை எதிர்பார்ப்பு.' அடுத்த வரி: 'அன்னவாசல் வட்டாரத்தில் இன்னும் சில தினங்களில் கனத்த மழை பெய்யக்கூடும்.' அதற்கு மேல் என்னைப் படிக்கவிடவில்லை. கடையே எழுந்து நின்றுவிட்டது.

"நான் சொன்னேன்ல!" மாமா பெஞ்சில் ஓங்கி அறைந்தார். "சொன்னப்ப எவன் கேட்டான்? இப்ப மெட்ராஸ்காரனுக்கே தெரிஞ்சுபோச்சு!"

எனக்கு ஒரே ஒரு வருத்தம். நாம் முந்திக்கொண்டு எழுதியதைக் குப்பையில் போட்டுவிட்டு, சர்க்கார் ஆபீஸ் சொன்னதும் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே என்று.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆரோக்கியத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்து கீழத்தெருவில் வீடு கட்டியிருந்தவர். "கிறிஸ்மஸுக்குப் புள்ளைக எல்லாம் வருதுங்க. கரை ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது? விடிஞ்சதும் அடைப்பை எடுத்துருவோம்."

இப்படித்தான் விடிகாலையில் ஊரே கரையில் நின்றது. மாமா மேல் வரிசை மூட்டைகளைப் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார். தண்ணீர் இடைவெளியில் சத்தமில்லாமல் நழுவ ஆரம்பித்திருந்தது. அப்போது முத்துக்கருப்பன் குறுக்கே வந்து நின்றார். கடைமடைக்காரர். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவர் வயல்தான்.

"இருங்கய்யா. தண்ணி போச்சுன்னா போனதுதான். பேப்பர்ல போட்டதை முழுசா படிக்கச் சொல்லுங்க. அப்பறம் கை வைங்க."

பிரசிடெண்ட் மடியிலிருந்து பேப்பரை எடுத்து நீட்டினார். "வாத்தியாரே, எல்லாருக்கும் கேக்கறாப்பல."

"படிக்கிறவன் படிக்கட்டும், மழை காத்துக்கிட்டா நிக்கும்?" என்று மாமா அடுத்த மூட்டையில் கை வைத்தார்.

தலைப்பைப் படித்தேன். முதல் வரியைப் படித்தேன். அதற்கடுத்த வரிக்கு வந்தேன். "இதற்கு அறிகுறியாக எறும்புகள் தம் முட்டைகளைச் சுமந்துகொண்டு வரப்புகளில் மேடு நோக்கி..."

நின்றுவிட்டேன். எந்த வானிலை ஆபீஸும் எறும்பைப் பார்த்து எழுதாது. தவிர, 'சுமந்துகொண்டு' எனக்குத் தெரிந்த வார்த்தை. முதலில் 'தூக்கிக்கொண்டு' என்று எழுதி, கௌரவக் குறைவாக இருக்கிறதென்று அடித்துவிட்டு நானே மாற்றியது.

"என்ன மாப்ளே, படி."

"மாமா, மூட்டையை எடுக்காதீங்க."

"ஏன்?"

"இது ஆபீஸ்காரங்க சொன்னதில்ல. நான் எழுதுனது. விவசாயி சொன்னார்னு போட்டிருந்தேன். அதை வெட்டிட்டாங்க."

"எந்த வெவசாயி?"

"நீங்கதான்."

மாமா மூட்டையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தன் பேச்சைத் தானே நம்பாமல் இருந்து, பேப்பரில் வந்த பிறகு நம்பிய மனிதர் அவர்.

"நானா?"

"காப்பிக்கடையில. எறும்பு..."

"அடப்பாவி! வாயில வர்றதையெல்லாமா எழுதுவே?"

"தண்ணி!" என்று முத்துக்கருப்பன் அலறினார்.

மேல் வரிசை இருந்த இடத்தில் தண்ணீர் இப்போது நழுவவில்லை, அறுத்தது. ஒரு பனைமட்டை எழுந்து நட்டமாக நின்று, விழுந்து, போனது. பின்னாலேயே இரண்டு மூட்டைகள் போயின. மாமா கையிலிருந்ததைப் போட்டார், அதுவும் போனது. அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. உடைப்பில் தானே உட்கார்ந்துவிட்டார்.

"வாடா இங்கிட்டு! வந்து குந்து!"

சட்டையோடு குதித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளோடு தோள். மேலே பத்துப் பேர் மண்ணை வெட்டி எங்கள் தலையில் கொட்டினார்கள். சில விநாடிகள், மாமனும் மருமகனும் ஒரு கண்மாயை நிறுத்தி வைத்திருந்தோம். பிறகு என் அடியில் இருந்த மூட்டை நகர்ந்தது. எடை குறைந்தவன் என்பதால் நான் முதலில் போனேன். மாமா வந்து என்மேல் விழுந்தார். கலிங்குக்குக் கீழே உள்ள ஓடையிலிருந்து எழுந்தபோது பேனா இரண்டும் இல்லை.

இரண்டடியும் வடிகிற வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் வெயில் வந்துவிட்டது. குன்றுகள் இரண்டும் துடைத்து வைத்த மாதிரி தெரிந்தன. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் வேப்பங்குச்சியோடு வந்த கீழூர்க்காரர் ஒருவர் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இந்த வருசம் கேக்காமலே தொறந்துட்டீங்க?" என்றார்.

அதன்பிறகு ஒரு துளி விழவில்லை. நெல் பாதிக்கு மேல் பதராகப் போனது. கல்யாணம் தள்ளிப்போனது. அதைச் சொல்ல அழகம்மையைப் பார்க்கப் போனேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "தையில நமக்குக் கல்யாணம் நடந்துருச்சுன்னு பேப்பர்ல எழுதிப் போடுங்க. அப்பா நம்பிருவாரு" என்றாள்.

'மழை பொய்த்தது' என்று நான் எழுதிய செய்தியைப் பத்திரிகை போடவில்லை.

மாமா பங்குனி வரை என்னோடு பேசவில்லை. பேசியபோது முதல் வார்த்தை: "இதை எழுதிராதே." பின்னாளில் நான் பத்திரிகை ஆபீஸிலேயே வேலைக்குச் சேர்ந்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வெயில், மழை பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னால், என் சட்டைப்பையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள்.

கீழூரில் அந்தத் தையில் நல்ல விளைச்சல். வைகாசியில் எங்கள் கல்யாணம் நடந்தது. பந்திக்கு அரிசி கீழூரிலிருந்து வந்தது.