வீட்டுக்காரர் முன்னால் விட்ட கொட்டாவி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாய் நலம். மற்ற மூன்று பேரைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், தெம்பிருந்தால். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டில்தான் யாரும் விலங்கு நடத்தையும் விலங்கு நலனும் படிக்கவில்லையே.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "கணக்குப் படிச்சவன் எல்லாம் தெருவுல நிக்கிறான் மாப்ளே, இனிமே விலங்குங்க படிப்புக்குத்தான் காலம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நீங்கள் பாட்டுக்கு வண்டியேறிப் போய்விட்டீர்கள். உங்கள் மருமகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இப்போது கடைசி வருடம். பல்கலைக்கழகத்தில் ஆளுக்கொரு பயந்த பிராணியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது தானாக வந்து ஒரு மனிதரைத் தொடவேண்டுமாம். கூப்பிடக் கூடாது, தீனி காட்டக் கூடாது, அதுவாக வரவேண்டும். வந்தால் பாஸ். எங்களுக்கு வாய்த்தது ஒரு பழுப்பு நாய். யாரோ அடித்தே வளர்த்திருக்கிறார்கள், பாவம். வந்த அன்றைக்கே என் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. அன்றிலிருந்து எனக்குக் கூடத்தில் பாய். அதற்கு நான் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன், ஏனென்றால் மாமனார் முன்னால்கூட நான் இவ்வளவு பணிந்து நின்றதில்லை. நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

சட்டதிட்டங்களைக் கேளுங்கள். பெரியவரை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, அது மிரட்டலாம். எதிரே நடந்து போகக் கூடாது, நண்டு மாதிரி பக்கவாட்டில் போகவேண்டும். குக்கர் விசில் கேட்டால் நடுங்குகிறதென்று உங்கள் தங்கை திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைக்கிறாள், அது வேகுமுன் எனக்குப் பசி போய்த் தூக்கம் வந்துவிடுகிறது. நான் தும்மவேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போகிறேன். பாதிப் படியில் தும்மல் நின்றுவிடுகிறது, திரும்பி இறங்கினால் மறுபடி வருகிறது, முழங்கால் என்னத்துக்கு ஆகும் மச்சான்? எல்லாவற்றுக்கும் மேலே கொட்டாவி. பெரியவர் பயப்படுகிற மாதிரி தெரிந்தால் நாம் கொட்டாவி விடவேண்டும். நாய் பாஷையில் அதற்கு 'நான் சண்டைக்கு வரல' என்று அர்த்தமாம். எனக்கு அதில் மட்டும் சிரமமில்லை.

இப்படியிருக்கையில் மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கேட்காமல் நாய் வைத்தது எங்கள் தப்புத்தான், மறுக்கவில்லை. அவருக்கோ வெண்கலக் குரல். கட்டிலடியிலிருந்து எட்டிப் பார்க்க வந்த பெரியவர் அவருக்குப் பின்னால் அறை வாசலில் நின்று நடுங்க ஆரம்பித்தது. நாங்கள் மூவரும் டக்கென்று சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டோம்.

"முகத்தப் பாத்துப் பேசுங்க சார்!" என்றார்.

உங்கள் மருமகள் காதருகே வந்து, "அப்பா, கொட்டாவி!" என்றாள். நான் விட்டேன். அடுக்களை வாசலில் உங்கள் தங்கை விட்டாள். பிறகு பெண்ணே ஒன்று விட்டாள், அது கொஞ்சம் நீளமானது.

"நான் இங்க தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன், குடும்பமே கொட்டாவி விடுறீங்களா?"

"உங்களப் பாத்து இல்ல சார், பெரியவருக்காக."

"ஓ, எனக்குத் தெரியாம வீட்டுல ஆள் வேற வச்சிருக்கீங்களா?"

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாய் போகவேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்தார். பெரியவர் சாப்பிடாமல் கிடந்தது. உங்கள் மருமகளும்தான்.

ஆகவே மச்சான், ஆரம்பித்துவைத்த நீங்களே முடித்துவைக்கவேண்டும். உங்கள் பின்பக்க அறை சும்மாதானே கிடக்கிறது? ஞாயிறு காலையில் வண்டியோடு வந்து பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். இடம் மாறினால் அது முதலிலிருந்து பயப்படும், ஒரு வருடப் படிப்பு வீணாகும் என்று பெண் அழுகிறாள். அழுதால் என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் இந்த வயதில் வீடு தேடித் தெருத்தெருவாக அலைய எனக்குத் தெம்பு இல்லை. ஒரு வருடம் போனால் போகிறது, அடுத்த தடவை முயல் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி: எல்லோரும் அவரவர் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கட்டும்.

சோர்வுடன்,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து வராதீர்கள். உறையை ஒட்டப் போகும்போது வீட்டுக்காரர் எங்கள் முடிவைக் கேட்க மறுபடி வந்தார். எங்கள் முகத்தில் விழிக்கவே பிடிக்காமல் ஸ்டூலில் பக்கவாட்டாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி, வாய் திறக்காமல் இருந்தார். ராத்திரியெல்லாம் எங்கள்மேல் ஆத்திரத்தில் தூங்கவில்லை போலிருக்கிறது, ஒரு கொட்டாவியும் விட்டார். உடனே பெரியவர் கட்டிலடியிலிருந்து ஊர்ந்து வந்து, மூன்று பேரையும் தாண்டிப் போய், அவர் முழங்காலில் முகவாயை வைத்தது. பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாஸ்! எனக்கு வயிறு எரிகிறது மச்சான், தும்மலுக்காக மாடியேறியவன் நான். அந்த மனுஷன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், கண் கலங்கியிருக்கிறது. உங்களை வரச்சொல்லி எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் அந்த வெண்கலக் குரலைத் தணித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே, "யாராவது வந்து இதக் கூட்டிட்டுப் போனா, அதே வண்டியில நீங்களும் ஏறிடுங்க" என்கிறார்.