கயிற்று வண்டியின் பத்தாயிரம் ஓட்டங்கள்

ஒரு காட்டில் நடந்ததாக இதை என்னிடம் சொன்னது ஒரு முள்ளம்பன்றி. பல வருடங்களாக இதை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. குறை கதையிலா என்னிலா என்பதும் தெளிவாகவில்லை.

அந்தக் காட்டில் பள்ளத்தாக்கைக் கடக்க ஒரு கயிற்று வண்டி ஓடியது. முள்ளம்பன்றிதான் மெக்கானிக். ஒரு பழுதைக் கண்ட அன்றே பதிவேட்டில் எழுதினால், அதிகாரி யானைக்கு விளக்கக் கடிதம் தர வேண்டும். பராமரிப்பு நாளான வெள்ளிக்கிழமையில் எழுதினால் கடிதம் வேண்டாம். ஆகவே திங்களன்று தேய்ந்த கப்பியும் புதனன்று நைந்த கயிறும் பதிவேட்டில் வெள்ளிக்கிழமைதான் பழுதாயின.

கம்ப்யூட்டரோடு ஒரு நரி வந்தது. எப்போது பராமரித்தால் நல்லது என்று அறிய, பதிவேட்டை அதில் ஏற்றி, திரையில் வண்டியைப் பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்த்தது.

"ஐயா, பழுதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் வருது. கழற்றிப் பார்க்கிறதாலதான் கெடுது. கை வைக்காம விட்டா நூறு வருஷம் ஓடும்."

யானை முள்ளம்பன்றியைப் பார்த்தது. "என்னப்பா, சரிதானா?"

உண்மையைச் சொன்னால் பதினோரு வருடத்து விளக்கக் கடிதங்களை எழுத வேண்டும்.

"கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று முள்ளம்பன்றி கையெழுத்துப் போட்டது.

பராமரிப்பு நின்றது. பதிவேட்டில் பழுதே இல்லை. நரிக்குச் சால்வை போர்த்தினார்கள்.

குட்டியை இக்கரையில் விட்டு, தினமும் அக்கரைக்கு மேயப் போகும் மான் ஒருநாள் காலை கேட்டது: "அண்ணே, மேல கயிறு முனகுது. ஏறலாமா?"

முள்ளம்பன்றிக்கும் அது கேட்டது. திரையைக் காட்டியது. "பாரு தாயி, பத்தாயிரம் தடவை பத்திரமாப் போயிருக்கு."

மான் ஏறியது. பாதி வழியில் கயிறு அறுந்தது.

நரி மறுபடி திரையில் ஓட்டிப் பார்த்தது. வண்டி நல்லபடியாக அக்கரை சேர்ந்தது. அறிக்கையில் அப்படியே எழுதினார்கள். குட்டிக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள்.

இதை எத்தனையோ முறை கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். பதிலுக்குப் பயந்துதான் ஆட்டினேனோ என்னவோ. போன மாதம்தான் முள்ளம்பன்றியிடம் வாய்விட்டுக் கேட்டேன்: "கையெழுத்துப் போட்ட பிறகு, நீ ஒரு தடவையாவது அதுல ஏறினியா?"

நீதி: கயிறு அறுந்தாலும் அறிக்கை அறுவதில்லை; பள்ளத்தாக்கைக் கடப்பவர்கள் அறிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும்.