சிங்கத்துக்குள் நாரை

எந்தச் செய்தியின் கடைசி வரியையும் யாரும் வாசிப்பதில்லை என்று நம்பித்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை. முக்கியமானது மேலே இருக்கும், கீழே போகப் போக அவசியமில்லாதது இருக்கும். இடம் போதாவிட்டால் கடைசியிலிருந்து வெட்ட வேண்டும். இந்த ஒரே ஒரு திறமையை வைத்துக்கொண்டு, நடக்கவிருந்த என் கல்யாணத்தையும் வெட்டப் பார்த்தேன்.

பெண்ணின் பெயர் ஹெலன். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று குருவானவர் சபையைப் பார்த்துக் கேட்பார். முதல் ஓலை வாசித்த அன்றே அம்மா ஒரு சட்டம் போட்டுவிட்டாள். மூன்றாவது ஓலை முடியும்வரை நாங்கள் சந்திக்கக் கூடாது, போனில் பேசக் கூடாது. (அம்மாவின் சட்டத்தில் மேல்முறையீடு கிடையாது.)

ஆனால் அந்தச் சட்டத்தில் கார்டு விளையாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஹெலன் மூன்று வருடமாக விளையாடி வந்த விளையாட்டு அது. போனுக்குள் கார்டுகளைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம் அல்லது பறவை, உச்சியில் அதன் பலத்துக்கு ஒரு எண், அடியில் அது என்ன செய்யும் என்று பொடி எழுத்தில் இரண்டு வரி. இருவர் ஜோடியாகச் சேர்ந்தால் ஆளுக்கு இரண்டு கார்டு, மொத்தம் நான்கு. எதிர் ஜோடியின் நான்கை வீழ்த்த வேண்டும். ஆடும்போது கூட்டாளிகள் பேசிக்கொள்ளவும் வசதி உண்டு.

எனக்கு இரவுப் பணி. விடிந்தபின் படுத்து மதியம் எழுந்திருப்பேன், கன்னத்தில் பத்தமடைப் பாயின் கோடுகளோடு. அதன் பிறகு மாலைவரை உலகம் தண்ணீருக்குள் கிடப்பது போலவே தெரியும். நாலரை மணிக்குக் கொக்கிரகுளத்தில் ஆற்றுப் படியில் உட்கார்ந்து போனைத் திறப்பேன். விளையாட்டில் யாழ் போல ஏதோ ஒன்று ஒலிக்கும். அதன் நடுவிலிருந்து ஹெலனின் குரல் வரும். முன்னால் தாமிரபரணி நகர்வதா நிற்பதா என்று முடிவு செய்யாமல் கிடக்கும். அந்தச் சாயங்காலங்களில் நான் விளையாடினேனா, கனவு கண்டேனா என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"அணி சேக்கது டைம்டேபிள் போடுத மாதிரி," என்றாள் ஒருநாள். "எட்டு பீரியடும் கணக்கா போட்டா பிள்ளைய தாங்குமா? நடுவுல ஒரு பி.டி. பீரியட் வேணும்லா?"

அவளுடைய அணியின் கணக்கு எளிமையானது. அவளது ஆமை அடி வாங்கும். அவளது யானை தன் முழு பலத்தையும் ஒரே அடியில் இறக்கிவிட்டு விழுந்துவிடும். என் சிங்கம் மிச்சத்தை முடிக்கும். நாலாவதாக அவளே எனக்கு ஒரு கார்டைப் பரிசாக அனுப்பினாள். ஒற்றைக் காலில் நிற்கும் சாம்பல் நாரை.

"இதுதான் எனக்குக் கெடச்ச மொதக் கார்டு. இப்ப கேம்ல இத யாருக்கும் குடுக்கது இல்ல. பத்திரமா வச்சுக்கிடுங்க."

பார்த்தேன். உச்சியில் எண் இரண்டு. என் சிங்கம் ஒன்பது. நாரையின் அடியில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி: 'ஆற்றங்கரையில் அமைதியாகக் காத்திருக்கும்.' எட்டு வருட அனுபவம் உள்ள கண் அதோடு நின்றுகொண்டது. பக்கத்தில் இடம் மிஞ்சினால் அடைக்கிற துணுக்கு இது என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது ஓலை முடிந்த வாரம், ஹெலனின் தம்பி ஜாபேஸ் எங்களைப் போட்டிக்கு அழைத்தான். அவனும் அவனுடைய தச்சநல்லூர்க் கூட்டாளியும் ஒரு ஜோடி. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம்.

"அக்கா, அத்தான வச்சுக்கிட்டு நீ ஜெயிக்கவா? அவரு இன்னும் போனத் தலகீழாப் பிடிக்காரு," என்றானாம்.

"அவருக்கு வாசிக்கத் தெரியும்ல," என்றாளாம் ஹெலன். "கார்டை வாசிச்சாப் போதும்."

இதைக் கேட்டதும் நெஞ்சு பூரித்துப்போனது. அவளுக்கு ஒரு பெரிய இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. (நான் யோசித்துச் செய்த காரியங்களின் பட்டியல் சின்னது. அதில் இதுதான் தலைப்புச் செய்தி.) அந்த விளையாட்டில் ஒரு கார்டை உருக்கி இன்னொரு கார்டுக்கு ஊட்டலாம். வெள்ளிக்கிழமை மதியம், தூக்கம் முழுதாகக் கலையாத அந்த நேரத்தில், நாரையைச் சிங்கத்துக்கு ஊட்டினேன். நாரை மெல்ல வெளிச்சமாகி, இறகு இறகாகக் கரைந்து போனது. பார்க்க மிக அழகாக இருந்தது. சிங்கத்தின் எண் ஒன்பதிலிருந்து பத்து ஆனது. காலியான இடத்தில் ஒரு புலியை வைத்தேன்.

கார்டு களத்தில் இறங்கும்வரை கவிழ்ந்தே இருக்கும். அதனால் சனிக்கிழமை ஆட்டம் தொடங்கியபோது ஹெலனுக்கு எதுவும் தெரியாது. ஆமை வரிசையாக அடி வாங்கியது. யானை ஒரே அடியில் ஜாபேஸின் இரண்டு கார்டுகளைச் சாய்த்துவிட்டு, கண்ணை மூடி விழுந்தது.

"யானை விழுந்தாச்சு," என்றாள் ஹெலன். குரலில் அவ்வளவு நிம்மதி. "இப்ப நாரைய விடுங்க."

நான் புலியை விட்டேன்.

"இது என்னது?"

"புலி."

"தெரியுது. நாரைய விடுங்க."

"நாரை இல்ல."

"எங்க போச்சு?"

"சிங்கத்துக்குள்ள இருக்கு."

யாழ் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆற்றில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். எதிர் அணி புலியைத் தின்றது, ஆமையைத் தின்றது, கடைசியில் பத்து பலம் கொண்ட என் சிங்கத்தையும் சாவகாசமாகத் தின்றது.

"கார்டை வாசிச்சியளா?"

"வாசிச்சேன்."

"கடைசி வரி?"

அவளே சொன்னாள். "'வீழ்ந்த தோழரை இருமுறை எழுப்பும்.' அந்த வரிக்காகத்தான் யானைய வச்சிருக்கேன். அந்த ஒரு வரிய நம்பித்தான் மொத்த அணியும். கடைசி வரிய வாசிக்காமலா பேப்பர் ஆபீஸ்ல வேலை பாக்கிய?"

"அங்கன கடைசி வரிய வெட்டுததுதான் என் வேலை," என்றேன். உண்மையைச் சொன்னால் மன்னிப்பு கிடைக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

கேள்விதான் கிடைத்தது. "நாளைக்கு மூணாவது ஓலைதான?"

"ஆமா."

"ஆட்சேபணை இருந்தா யாரும் சொல்லலாம்லா?"

"சொல்லலாம்."

"சரி."

'உங்கள் தோழர் வெளியேறிவிட்டார்' என்று திரையில் எழுத்து வந்தது. அந்த ஒரு செய்தியை மட்டும் கடைசி எழுத்துவரை வாசித்தேன். நிமிர்ந்தபோது அக்கரையோரம் நாலைந்து நாரைகள் தண்ணீரில் நின்றன. ஒன்றுகூட என் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். "ஏம்ல மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"ஹெலன் குடுத்த நாரைய உருக்கிட்டேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். எந்த நாரை, எப்படிக் கொடுத்தாள் என்று கேட்டிருந்தால் அவள் சட்டத்தின் ஓட்டை அங்கேயே வெளிப்பட்டிருக்கும். அவள் கேட்டது வேறு. "கல்யாணப் பத்திரிகை அறுநூறு அடிச்சாச்சுலே. இப்பப் போயி உருக்குனியா?"

மறுநாள் கோயிலில் ஆண்கள் பக்கம் நான் அம்மாவின் பார்வைக்கு எட்டும்படி உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் ஹெலன். நீலச் சேலை. முகத்தில் கணக்கு வினாத்தாளின் களை. குருவானவர் எங்கள் பெயர்களை வாசித்தார். என் பெயரில் ஒரு குற்றப்பத்திரிகையின் ஓசை இருந்தது. "இந்த விவாகத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள்..." என்று நிறுத்தினார்.

ஹெலன் எழுந்து நின்றாள்.

சபை மொத்தமும் திரும்பியது. பாடகர் வரிசையில் ஜாபேஸ் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டான். குருவானவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். என் வாழ்க்கை அந்த இடத்தில் வெட்டப்பட்டுவிட்டது என்று எனக்கு உறுதியானது. வெட்டியவன் நானே என்பதும்.

ஹெலன் வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவசரப்படாமல் சுவரோரம் நடந்தாள். சுவிட்சைத் தட்டினாள். பெண்கள் பக்கத்து ஃபேன் பைய முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

"புழுங்குச்சு ஐயா," என்றாள். "நீங்க கடைசி வரைக்கும் வாசிங்க."

இடத்துக்குத் திரும்பும்போது ஒரே ஒரு கணம் என்னைப் பார்த்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. ஆனால் விழுந்து கிடந்த ஏதோ ஒன்று எழுந்து நின்றதை உணர்ந்தேன்.

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. குடும்ப விசேஷங்களில் நான் ஏதாவது முடிவு சொல்ல வாயைத் திறந்தால், ஜாபேஸ் எழுந்துபோய் ஃபேனைப் போடுகிறான். மருந்துச் சீட்டானாலும் கரண்ட் பில்லானாலும் என் கைக்கு வரும்போது "கடைசி வரி" என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தே வருகின்றன. சாயங்காலங்களில் நானும் ஹெலனும் இன்னும் ஜோடியாக விளையாடுகிறோம். புதிய கார்டுகள் எத்தனையோ வந்துவிட்டன. என் பழைய சிங்கம் இப்போது எதற்கும் உதவாது, உருக்கினால் வேறொரு கார்டுக்குப் பலம் கூடும்.

போன வாரம் விரல் அதன் மேல் போனது. ஹெலன் திரையைப் பார்க்காமலே சொன்னாள்.

"அத மட்டும் தொடாதிய. உள்ள நம்ம நாரை நிக்கி."