லினக்ஸுக்கு மாறியவர்

கட்சி மாறியவரைப் பார்த்திருப்பீர்கள். வேலை மாறியவரைப் பார்த்திருப்பீர்கள். வீடு மாறியவருக்குக் கட்டில் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டும் வந்திருப்பீர்கள். இவர்கள் எல்லாம் ஒரு மாதத்தில் அடங்கிவிடுகிற ஆசாமிகள். அடங்காத ஆசாமி ஒருவர் இருக்கிறார். அவர்தான் கம்ப்யூட்டரில் லினக்ஸுக்கு மாறியவர். அதாவது, கடையில் வாங்கும்போதே கூட வந்த சிஸ்டத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு, உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் சும்மா கொடுக்கிற கட்டற்ற சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டவர். மாறி ஒன்பது நாள்தான் ஆகியிருக்கும். பேச்சைக் கேட்டால் அதை எழுதியதே அவர்தானோ என்று தோன்றும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். லேப்டாப் மூடியில் லினக்ஸின் சின்னமான பென்குவின் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், அப்புறம் அது தண்ணீர் பாட்டிலுக்கு வரும், ஹெல்மெட்டுக்கு வரும், கொஞ்சம் அசந்தால் உங்கள் முதுகுக்கும் வரும். நீங்கள் யதேச்சையாக "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்பீர்கள். "மாறிட்டேன் சார்" என்பார். எங்கிருந்து எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர் ஒருவர் மூன்று பஸ்ஸைத் தவறவிட்டார்.

குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடங்களைக் கட்டிக் காக்கிற நம்மவரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாறிய முதல் நாள், கட்டளை அடிக்கிற கறுப்புத் திரை பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அந்தக் கறுப்புத் திரையின் வழக்கமே அதுதான், எழுத்தைக் காட்டாமல் வாங்கிக்கொள்ளும். நம்மவருக்கு அது தெரியுமா? கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, மைத்துனர் வீட்டுக்குப் போய் ஒன்று வாங்கிவந்தார். அதுவும் செத்திருந்தது. ஆபீஸிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். அதற்கும் அதே கதி. மூன்று கீபோர்டுகளை அடக்கம் செய்யவிருந்த நேரத்தில் யாரோ இணையத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, மறுநாள் ஆபீஸில் முழங்கினார்:

"அதுதான் சார் பாதுகாப்பு! நாம என்ன அடிக்கிறோம்னு நமக்கே தெரியலேன்னா, திருடனுக்கு எப்படித் தெரியும்?"

அடுத்து, கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை. வருந்தினாரா? "பழசுல சத்தம் அதுவா வரும். இதுல நாமதான் வரவழைக்கணும். அதுலதான் இருக்கு சுதந்திரம்" என்றார். நான்கு நாள் முயன்றும் வராததால், குடும்பமாக உட்கார்ந்து படம் பார்த்தபோது எல்லோருடைய வசனத்தையும் அவரே பேசினார், கதாநாயகியின் அழுகை உட்பட. பல் டாக்டரிடம் போனார். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டும் ரிசப்ஷன் கம்ப்யூட்டரைக் கையால் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். டாக்டர் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். விவரமான டாக்டர்.

இதெல்லாம் ஊருக்கு. வீட்டில் இருப்பவருக்கு என்ன நடக்கும் என்று சொல்லவேண்டாமா?

நம்மவரின் வீட்டம்மா மொழிபெயர்ப்பாளர். கோழிகளுக்கு வரும் நோய்களைப் பற்றிய கையேடு ஒன்றை நான்கு மாதமாகத் தமிழாக்கி, இருநூற்று நாற்பது பக்கத்தையும் முடித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பதிப்பகத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அடுத்து ஆடு, அதற்கடுத்து மாடு என்று வரிசையாகத் தருவதாகப் பேச்சு. கொடுக்காவிட்டால் கோழியோடு சரி. இதையெல்லாம் தன் பழைய கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். ஒன்பது நாளாக ஒருவரையும் மாற்றமுடியாமல் தவித்த மனிதரை அந்தக் கம்ப்யூட்டரோடு தனியாக விட்டுப் போனார்.

நம்மவர் பொறுப்பில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வேலையாக மனைவியின் ஃபைல்கள் அத்தனையையும் வீட்டிலிருந்த பென் டிரைவில் நகலெடுத்தார். சரியாக வந்திருக்கிறதா என்று இரண்டு தடவை திறந்தும் பார்த்தார். புதுச் சிஸ்டத்தைப் போட அதையும் ஒரு பென் டிரைவில் ஏற்றவேண்டும். தம் கம்ப்யூட்டருக்குப் போட ஆபீஸ் நண்பர் இரவல் கொடுத்த பென் டிரைவ் திரும்பிப் போயாயிற்று. வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. "இதில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?" என்று திரை கேட்டது. பழைய சிஸ்டம்தான் தொட்டதற்கெல்லாம் இப்படி மிரட்டும், மாறியவன் மிரளலாமா? சம்மதம் என்றார். பிறகு கம்ப்யூட்டரில் உள்ளதையும் முழுக்க அழிக்கவா என்று கேட்டது. அதற்கும் தாராளமாகச் சம்மதம் என்றார்.

சாயங்காலம் அம்மையார் வந்தார். திரையைப் பார்த்தார்.

"என் கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு?"

"விடுதலை ஆயிடுச்சு!"

"என் கோழி எங்கங்க?"

"பத்திரமா இருக்கும்மா. பேக்கப் எடுத்துட்டுத்தான் கையே வெச்சேன். நான் என்ன விவரம் தெரியாதவனா?" என்று பென் டிரைவைச் சொருகினார். புதுச் சிஸ்டம் மிகவும் மரியாதையாக, "என்னைப் போட்டுப் பார்க்கிறீர்களா?" என்றது. எடுத்து ஊதினார். வேறு ஓட்டையில் சொருகினார். அங்கேயும் அதே மரியாதை. காலையில் எதன்மேல் எதை ஏற்றினோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மையார் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "நாலு மாசங்க" என்றார். நம்மவர் பென் டிரைவை எடுத்து இன்னொரு தடவை ஊதினார்.

நல்லவேளை, திருத்துவதற்காக எடுத்த அச்சுப் பிரதி ஒன்று சிவப்பு மைக் கீறல்களோடு அலமாரியில் இருந்தது. மறுநாளிலிருந்து நம்மவர் ஆபீஸுக்கு லீவு. அம்மையார் வாசிக்க, இவர் இரண்டே விரலால் ராத்திரி பகலாகத் தட்ட, கோழி மறுபடி முட்டையிலிருந்து புறப்பட்டது.

"வெள்ளைக் கழிச்சல் கண்ட கோழி, கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். அடிச்சீங்களா?"

"அடிச்சேன். ஏன் என்னையே பாத்துப் படிக்கிறே?"

"நோயை முன்கூட்டியே கவனிக்காதது வளர்ப்பவரின் குற்றம். இதையும் அடிங்க."

முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்தபோது திரையில் எழுத்துகள் உடைந்து தெரிந்தன. நம்மவர் விரலை நிறுத்தினார். கண்ணில் பழைய பளபளப்பு. "இந்த வகையில இப்படித்தானாம். இன்னொரு வகை லினக்ஸ் இருக்கு, அதுல எழுத்து முத்து முத்தா வருமாம். ஒரு பத்தே நிமிஷம், இதை அழிச்சிட்டு..."

அம்மையார் எழுந்துபோய்ப் பென் டிரைவை எடுத்துவந்தார். ஜன்னலைத் திறந்தார். வீசினார். திரும்ப வந்து உட்கார்ந்து, "முப்பத்தோராம் பக்கம், மூணாவது வரி" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோழி பதிப்பகம் போய்ச் சேர்ந்தது. ஆடும் கிடைத்தது. அம்மையார் ஆட்டை முழுக்க முழுக்கப் பேனாவால் நோட்டில் எழுதுவதாக அறிவித்துவிட்டார். விரல் வீங்கிய நம்மவர் அன்று சாயங்காலமே தம் இணையக் குழுவில் எழுதினார்: "என் மனைவியையும் மாற்றிவிட்டேன். எந்தச் சிக்கலும் இல்லை." நூற்றுப் பன்னிரண்டு பேர் வாழ்த்தினார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். நம்மவர் அந்த அம்மாளின் நான்கு மாதத்தை அழித்த இடம் வந்தபோது, அந்த அம்மாளை நினைத்து ஐயோ என்றீர்களா? அல்லது, "அவர் எந்த வகையைப் போட்டார்? நான் போட்டிருப்பதைப் போட்டிருந்தால் சத்தமும் வந்திருக்குமே!" என்று உதடு துடித்ததா?

துடித்ததென்றால், இந்தப் பக்கத்தை அப்படியே வைத்துவிட்டு, வீட்டில் வேறு யாராவது இருந்தால் கொஞ்சம் கூப்பிடுங்கள். நான் அவர்களிடம் பேசவேண்டும்.